மேலுக்கு எப்படி இருக்கு?

என் அன்பு மாறாத அத்தானுக்கு,

உங்கள் ஞானராஜ் எழுதுகிறேன். "பேருதாம்லே ஞானம்" என்று வாசலிலேயே என்னை வம்புக்கு இழுப்பீர்களே, அதே ஞானம். அந்தக் கேலியை நான் அப்போது ரசித்தேன். இப்போது அது உண்மை என்று தெரிந்த பிறகு கேலி செய்ய நீங்கள் இல்லை.

முதலில் ஊர்ச் செய்தி. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. வண்ணார்பேட்டையில் உங்கள் லாரி புக்கிங் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை வந்திருக்கிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். நம் ஊர்க் கோயில் பண்டிகையும் அசனமும் நல்லபடியாக முடிந்தன. "நல்லபடியாக" என்பது ஊருக்கு. எனக்கு அப்படி முடியவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இதை ஏன் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். உங்களைப் பற்றி நான் பேசியதை எல்லோரும் கேட்டார்கள், அத்தான். அதற்கான வெட்கத்தை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் நியாயம் ஆகுமா?

நீங்கள் போன அன்று நான் எவ்வளவு அழுதேன் என்பதை விட எவ்வளவு பயந்தேன் என்பதுதான் எனக்கு நினைவிருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சுகர் முற்றி, நெஞ்சு நின்றுபோனது என்றார்கள். என் தொப்பையும் உங்கள் தொப்பையும் ஒரே அளவு. சட்டையைக் கூட மாற்றிப் போட்டிருக்கிறோம். பெட்டிக்குள் உங்களைப் படுக்க வைத்தபோது, அந்தப் பெட்டி எனக்கும் சரியாக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரமே பாளையங்கோட்டை மைதானத்தில் நடக்க ஆரம்பித்தேன். சீனியை விட்டேன், பிறகு சோற்றை விட்டேன். கையில் ஒரு வாட்ச் கட்டினேன். எத்தனை அடி நடந்தேன், எப்படித் தூங்கினேன் என்று அது சொன்னது. போனில் ஒரு ஆப் வைத்தேன். ஒரு நாள் கூட விடாமல் செய்தால் அதில் ஒரு சங்கிலி நீண்டுகொண்டே போகும். குளிர்ந்த தண்ணீர், முளைகட்டிய பயறு, மூச்சுப் பயிற்சி, விடியுமுன் ஜெபம், தினமும் ஒரு நல்ல புத்தகத்தில் பத்துப் பக்கம். எல்லாவற்றுக்கும் ஒரு கண்ணி. என் மனைவி ரூபி, "நீங்க தூங்கும்போதாவது சும்மா கெடங்க" என்பாள். அதற்கும் வாட்ச்சில் ஒரு கணக்கு இருந்தது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

உடம்பு இளைத்தது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்கள் என்னைச் சுற்றி நின்று ரகசியம் கேட்டார்கள். தலைமை ஆசிரியர் ஒரு நாள், "நீங்களே பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு பேச்சுப் பேசுங்களேன்" என்றார். தலைப்பு, "சமநிலை வாழ்வு". அங்கிருந்து இன்னொரு பள்ளிக்கூடம், அங்கிருந்து ஒரு வங்கி ஊழியர்கள் கூட்டம், அங்கிருந்து கோயில் கூட்டங்கள். தவளையை அறுத்துக் காட்டும் உயிரியல் வாத்தியார் திடீரென்று மாலை போட்டு வரவேற்கப்படும் ஆள் ஆகிவிட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று எழுதினால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

பேச்சுக்கு ஒரு தொடக்கம் வைத்திருந்தேன். "நம்ம ஊர்ல உடம்புக்கு என்ன பேரு? மேல்! மேல் வலிக்கு, மேல் கழுவுனியா, மேலுக்கு எப்படி இருக்குன்னுதான நாம கேக்கோம்? மேல் நல்லா இருந்தாத்தான் வாழ்க்கையில மேல வர முடியும்!" என்பேன். கைதட்டல் விழும். அதே "மேலுக்கு" என்ற சொல்லுக்கு ஒப்புக்கு, வெளிப்பார்வைக்கு என்றும் ஒரு அர்த்தம் உண்டு என்பது அத்தனை மேடையிலும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

தொடக்கம் இருந்தால் போதுமா, நடுவில் ஒரு கதை வேண்டாமா? கதை நீங்கள்தான்.

"எங்க குடும்பத்துல ஒருத்தர் இருந்தார். பேரு வேண்டாம். அவருக்கு ரெண்டு தெய்வம். ஞாயித்துக்கிழமை கர்த்தர், மத்த நாளெல்லாம் பரோட்டா." சிரிப்பார்கள். "டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தார். அவர் அத வாங்கி பத்திரமா வச்சுக்கிட்டார், கோயில் காணிக்கை மாதிரி." இன்னும் சிரிப்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவர் இப்ப இல்ல" என்று சொல்லி நிறுத்துவேன். எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் அப்படியே அடங்கிப்போகும். அந்த அமைதியில் நான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன்.

போன வருடம் நம் ஊர்க் கோயிலில் பெண்கள் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். எஸ்தர் அக்கா நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உங்கள் மனைவி, என் உடன்பிறந்தவள், என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள். நான் பார்த்தேன், அத்தான். பார்த்த பிறகும் அந்தக் கதையை விட மனம் வரவில்லை. அதை எடுத்துவிட்டால் பேச்சு படுத்துவிடும் என்றுதான் நினைத்தேன். பேர் சொல்லவில்லையே என்று சமாதானமும் செய்துகொண்டேன். அந்த ஊரில் பரோட்டா என்றால் யார் என்று தெரியாதவர் யார்?

கூட்டம் முடிந்து அக்கா என்னிடம் வந்தாள். "நல்லா பேசுனலே" என்றாள். ஒரு டம்ளர் கடுங்காப்பியைச் சீனி இல்லாமல் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற பெண்களிடம், "எந்தம்பி" என்று சொல்லிக்கொண்டாள். நான் அதை முழுதாக நம்பினேன். அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. ரூபி போன் போட்டால், "வாறேன், வாறேன்" என்பாள். நான் போன் போட்டு, "மேலுக்கு எப்படிக்கா இருக்கு?" என்றால், "மேலுக்கு ஒண்ணுமில்லலே, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். நல்லது என்று வைத்துவிடுவேன். எனக்கு அடுத்த பேச்சுக்குத் தயாராக வேண்டியிருக்கும்.

இப்போது அசனத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: அசனம் என்பது கோயில் பண்டிகையில் ஊரே சேர்ந்து பொங்கி, ஒரே பந்தலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவரும் அவர் வயலில் வேலை பார்க்கிறவரும் ஒரே வரிசை, ஒரே சோறு, ஒரே கறிக்குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் படுத்திருக்கிற கிழடுகட்டைகளுக்கென்று வாளியையும் தூக்குச்சட்டியையும் நீட்டி வாங்கிப் போவார்கள். வெறும் பாத்திரத்தைக் கொண்டுபோவதுதான் வழக்கம். வீட்டுச் சாப்பாட்டை அடைத்துக்கொண்டு அசனத்துக்குப் போன ஆள் நம் ஊர்ச் சரித்திரத்தில் ஒருவன்தான். அவன் உங்கள் மச்சினன்.

ரூபி கிளம்பும்போதே சொன்னாள். "இன்னைக்கு ஒரு நாள் அந்த டப்பாவ வச்சிட்டு வாருங்க. நாலு பேரு பாத்தா நல்லாவா இருக்கும்?"

"ஒரு நாள் விட்டா சங்கிலி அறுந்துரும்" என்றேன்.

"அறுந்தா முடிச்சுப் போட்டுக்கிடலாம்" என்றாள். அவளுக்கு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தலில் உட்கார்ந்தேன். இலையில் சோறு வைக்க வந்தவர்களைக் கையை நீட்டித் தடுத்தேன். டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். முளைப்பயறு, வெள்ளரிக்காய், மஞ்சள் கரு எடுத்த முட்டை. குழம்பு வாளியோடு மோசஸ் அண்ணாச்சி வந்தார். உங்கள் வாளிதான். நீங்கள் இருந்தவரைக்கும் வேறு யாரையும் தொட விடமாட்டீர்களே, அந்தப் பித்தளை வாளி. அண்ணாச்சிக்குக் கண் மங்கல். திறந்த டப்பாவைப் பார்த்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"வாத்தியாரே, டப்பா சின்னதால்லா இருக்கு? பரவாயில்ல, பிடியும்" என்று சொல்லி, சோறு வைப்பவரிடம் ஒரு கரண்டிச் சோறு வாங்கித் தட்டி, கறியும் எலும்புமாகக் குழம்பை அதன் மேல் ஊற்றினார். டப்பா நிரம்பி என் வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

நான் எழுந்து நின்று கத்தினேன். "கண்ணு தெரியலயா வே? இது என்ன மாட்டுத் தொட்டியா, வந்தவன் போறவன் எல்லாம் கொட்டுறதுக்கு?"

என் டப்பாவைத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன இடம் அசனப் பந்தல். வார்த்தை அந்தப் பந்தல் முழுக்கப் போய் எல்லார் இலையிலும் விழுந்தது. என் எதிரில் இருந்தவர் உருட்டிய சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார். மோசஸ் அண்ணாச்சி வாளியைக் கீழே வைக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அசனம் வே இது" என்றார். அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தாள். என் பக்கத்தில் மெதுவாகக் கையை ஊன்றி உட்கார்ந்து, "இங்கன கொண்டா" என்று டப்பாவை வாங்கினாள். பயறையும் வெள்ளரிக்காயையும் சோற்றையும் குழம்பையும் ஒன்றாகப் பிசைந்து ஒரு வாய் போட்டாள். "நல்லாத்தாம்லே இருக்கு. நீயும் ஒரு வாய் தின்னு" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மறுபடியும் எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஐந்து வயதில் நான் கோயிலில் பாடத் தெரியாமல் நின்றபோது பின்னாலிருந்து பாடிக் காப்பாற்றியவள், ஐம்பதை நெருங்கும்போதும் அதையே செய்தாள்.

நான் தலையைக் குனிந்தேன். குனிந்ததால்தான் அவள் பாதத்தைப் பார்த்தேன். செருப்பு இல்லை. பழைய சேலைக் கிழிசலால் பெருவிரலைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கட்டு ஈரமாக இருந்தது.

"என்னதுக்கா இது?"

"மேலுக்கு ஒண்ணுமில்லலே. செருப்பு கடிச்சது."

"எப்ப?"

"லெந்து நாள்ல."

லெந்து என்கிற நோன்பு நாட்கள் போய், ஈஸ்டர் போய், வெயில் காலமும் போய்விட்டது. நான் கட்டை அவிழ்த்தேன். புண்ணைப் பார்த்ததும், அதன் வாடையை முகர்ந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணையத்தை நான் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் வரைவேன், அத்தான். இன்சுலின் எங்கே சுரக்கிறது, சுரக்காவிட்டால் புண் ஏன் ஆறாது என்று வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த அக்கா எத்தனையோ மாதமாக நொண்டிக்கொண்டிருக்கிறாள். என் கையில் இருக்கிற வாட்ச் என் அடிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

"ஏங்கிட்ட ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அந்த நேரத்திலும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. டப்பாவிலிருந்த எலும்பை ஒதுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "சொன்னா அடுத்த கூட்டத்துல என்னையும் சொல்லிருவியேலே."

அத்தான், இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

ஊரெல்லாம் போய் உடம்பைக் கவனியுங்கள், மறைக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள் என்று பேசினேன். என் பேச்சைக் கேட்டு யாரோ சிலர் ரத்தம் பரிசோதித்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் என் பேச்சைக் கேட்டு ஒருத்தி தன் புண்ணை மறைத்தாள் என்பது தெரியும். ஜனங்கள் சிரிப்பார்களே என்று பயந்து, காலில் சேலையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள். அந்தச் சிரிப்பை அவளுக்குக் காட்டியது நான்.

அன்றைக்கே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் பெண், சின்ன வயசு. சுகர் ரொம்ப நாளாக இருந்திருக்கும் என்றார். "மாத்திரை ஏதாவது போடுதியளா அம்மா?" என்று கேட்டார். அக்கா என்னையும் ரூபியையும் ஒரு முறை பார்த்தாள்.

"போட்டேன். அவியளுக்கு வாங்கி வச்சிருந்த மாத்திரை பெட்டி நிறைய கெடந்துது. அவிய திங்காம வச்சிட்டுப் போனத நான் தின்னேன். வீணாப் போகுதுல்லா? அது தீந்து போச்சு, அப்புறம் போடல."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ரூபி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் மேடையில் காணிக்கை என்று சொல்லிச் சிரிக்க வைத்த அதே மாத்திரைகள். உங்களுக்குச் சுகர் என்று தெரிந்த நாளிலிருந்தே தனக்கும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமாம். வீட்டில் ஒரு நோயாளி போதும் என்று இருந்தாளாம்.

இந்த இடத்தில் உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது. நீங்கள் அந்த மாத்திரைகளைப் போட்டிருக்க வேண்டும், அத்தான். போட்டிருந்தால் இன்றைக்கு நீங்கள் இருந்திருக்கலாம், அக்கா ஒளிந்திருக்க வேண்டியதில்லை, எனக்குக் கதையும் கிடைத்திருக்காது. என் வெட்கத்துக்காக உங்கள் மேல் இருக்கிற கோபத்தை விட்டுவிட மாட்டேன். இரண்டும் இருக்கட்டும். ஏன் போடவில்லை? பயமா, சோம்பலா, அல்லது எங்களைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விட்டதா? ஒரு நாளாவது நான் உங்களிடம் உட்கார்ந்து இதைக் கேட்டேனா?

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது பொழுது சாயவில்லை. வாசலுக்கு எதிரில் அந்தப் பரோட்டாக் கடை இருக்கிறது. தகரக் கூரையை மாற்றி சிமெண்ட் ஷீட் போட்டிருக்கிறார்கள். கல்லில் கொத்துகிற சத்தம் மட்டும் மாறவில்லை. சக்கர நாற்காலியில் இருந்த அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எந்தக் கோபமும் இல்லாமல், ஏதோ மறந்துபோன சாமானைக் கேட்பது போல என்னைக் கேட்டாள்.

"இத்தனை கூட்டத்துல பேசுனியே, அவிய பரோட்டா தின்னத எங்கன வச்சுத் தின்னாவன்னு ஒரு தடவயாவது சொன்னியாலே?"

சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எங்கள் அம்மா வாதம் வந்து இந்த ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தபோது நான் சென்னையில் ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "ஏலே, நீ படிப்பக் கெடுத்துக்கிடாத. ஒங்கம்மைய நாங்க பாத்துக்கிடுதோம்" என்று போனில் சொன்னீர்கள். பகலில் அக்கா இருந்தாள். ஆபீஸ் முடிந்ததும் நீங்கள் வந்து அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அம்மாவுக்கு ஊட்டி, துடைத்து, படுக்கை மாற்றினீர்கள். மாமியாருக்கு மருமகன் செய்கிற வேலையா அது? அதெல்லாம் முடிந்த பிறகு அந்த வாசலில் கிடைத்தது பரோட்டா மட்டும்தான். அங்கே தின்று பழகியதுதான் பிறகு விடாமல் ஒட்டிக்கொண்டது. நான் பாஸானேன், வேலை வாங்கினேன், மேலே வந்தேன். வந்த பிறகு, அந்தப் பரோட்டாவை வைத்துத்தான் உங்களைக் கேலி செய்தேன்.

இது எனக்குத் தெரியாமல் இருந்த விஷயம் இல்லை. எல்லாம் தெரியும். சொன்னால் கதையில் நீங்கள் நல்லவராகிவிடுவீர்கள், நான் தண்ணீர் குடிக்கிற இடம் கெட்டுப்போகும். அதனால் விட்டுவிட்டேன்.

அக்காவையும் ரூபியையும் ஆட்டோவில் அனுப்பிவிட்டு மருந்து வாங்க நின்றேன். வாங்கியதும் அந்தக் கடையில் போய் உட்கார்ந்தேன். பசி, அத்தான். காலையிலிருந்து அக்கா ஊட்டாத குறையாகக் கொடுத்த அந்த ஒரு வாய்தான். ஒரு பரோட்டா கேட்டேன். பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றினார்கள். சாப்பிட்டேன், சூடாக இருந்தது. மறுநாள் காலையில் போன், "உங்கள் சங்கிலி அறுந்துவிட்டது" என்று வருத்தத்தோடு தெரிவித்தது. ரூபியிடம் காட்டினேன். "முடிச்சுப் போடணுமா?" என்றாள். வேண்டாம் என்று ஆப்பை எடுத்துவிட்டேன்.

இனி நான் நடக்கவே மாட்டேன், தினமும் அல்வா சாப்பிடுவேன் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். சோறு கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன், சாயங்காலம் நடக்கிறேன். அதெல்லாம் நல்ல பழக்கங்கள்தான். நீங்களும் செய்திருக்கலாம். பழக்கத்தில் தப்பில்லை, அதை நான் பிடித்த பிடியில்தான் தப்பு. சாவுக்குப் பயந்து ஓடியவன் பக்கத்தில் யார் நொண்டுகிறார்கள் என்று பார்க்காமல் ஓடிவிட்டேன். சமநிலை, சமநிலை என்று பேசினேனே, என் தட்டில் என்னைத் தவிர வேறு யாரையும் வைத்துப் பார்க்கவே இல்லை.

அக்கா இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். விரல் தப்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். காலையில் நான்தான் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிறேன். விடியுமுன் எழுந்து பழகியதற்கு இப்படி ஒரு உபயோகம். சாயங்காலம் அவள் வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் மெதுவாக நடப்பாள், நான் கூட நடப்பேன். வேகமாகப் போனால், "பைய வாலே, எங்க போயி விழப்போற" என்பாள். வாட்ச்சை மேசையில் வைத்துவிட்டேன். அது என்னைப் பற்றி என்ன நினைக்கிறதோ.

மோசஸ் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கெட்ட பழக்கம், போகவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். "அத விடும். வாளி கனமா இருக்கு வே. எனக்கு ரெண்டு தோளும் எறங்கிப் போச்சு. ஒம்ம அத்தானுக்கப்புறம் அதுக்கு ஆளில்ல. நீருதான் இம்புட்டு எக்சைஸ் பண்ணுதீரே, அடுத்த வருசம் வந்து தூக்கும்" என்றார். மன்னித்தாரா, வேலை கொடுத்தாரா என்று தெரியவில்லை. இரண்டாவது போதும் எனக்கு.

இந்தக் கடிதத்தை அக்காவிடம் வாசித்துக் காட்டாமல் வெளியே விடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். நேற்று வாசித்தேன். காலைப் பற்றி எழுதியதை எடுத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும். என்னய மாதிரி ஒளிச்சு வச்சிருக்கவ எவளாச்சும் படிப்பா" என்றாள். ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். அது உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் உள்ளது, என்னிடம் கேட்காதீர்கள்.

மறுபடியும் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகவா வேண்டாமா என்று அக்காவிடம் கேட்டேன். "போ. போயி முழுசாச் சொல்லு" என்றாள். முழுதாகச் சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்களே என்றேன். "தட்டாட்டி என்னலே, கேப்பாவல்லா" என்றாள்.

இன்று காலையில் கட்டுப் பிரிக்கும்போது வழக்கம் போலக் கேட்டேன். "மேலுக்கு எப்படிக்கா இருக்கு?" வழக்கமான பதிலை எதிர்பார்த்துப் பஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் குனிந்திருந்த என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வலிக்குலே" என்றாள். "ராவெல்லாம் வலிச்சுது. பயமா இருக்கு."

நான் பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெந்நீர் ஆறிப்போய், ரூபி வேறு கொண்டுவந்து வைத்தாள். என்னிடம் உண்மையைச் சொல்லலாம் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது, அத்தான். இத்தனை வருடத்தில் நான் அடைந்த முன்னேற்றம் என்று உங்களிடம் சொல்ல என்னிடம் இருப்பது அந்த ஒரு "வலிக்குலே"தான்.

இனி நான் எந்த மேடையில் நின்று உங்களைப் பற்றிப் பேசினாலும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்துதான் தொடங்குவேன். உங்கள் பேரைச் சொல்லித் தொடங்குவேன். அடுத்த அசனத்தில் உங்கள் பித்தளை வாளியை நான் தூக்குவேன். யார் எந்தப் பாத்திரத்தை நீட்டினாலும் நிறைய ஊற்றுவேன். என் டப்பாவைக் கழுவி வெறுமையாகத்தான் கொண்டுவருவேன், அக்கா கையால் அதில் எனக்கு ஒரு பங்கு வாங்கிக்கொள்வேன்.

பேரில் மட்டும் ஞானம் உள்ள,
உங்கள் மச்சினன்,
எஸ்தரின் தம்பி